முதுகுக்குப் பின்னால் மலை

என் மச்சினன் வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்பது எங்கள் ஷெட்டில் பஸ் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அங்கே அவனுக்குப் பெயரே ரேடியோ. நான் மலைப் பூங்காவுக்குச் சுற்றுலா பஸ் ஓட்டுகிறேன். அவன் அதே பஸ்ஸில் வழிகாட்டி. பகல் முழுக்க அவன் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவன்தான், ஏனென்றால் என் மனைவியின் ஒரே தம்பி அவன். எங்கள் முன்னறை சோபாதான் அவனுக்குக் கட்டில். வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லித்தான் வந்தான். வேலை கிடைத்தது, அதையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சோபா மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஆனால் தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கிறது. அதில் முதுகைச் சாய்த்து, பயணிகளைப் பார்த்து நிற்பான். மூக்கில் கண்ணாடி, கையில் கறுப்பு டேப் சுற்றிய மைக். மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுவார்கள். இவன் கம்பிக்கே முளைத்தவன் மாதிரி அசையாமல் நிற்பான். கடைசியில் ஒரு சுரங்கப்பாதை வரும். அதை விட்டு வெளியே வந்தால் முன் கண்ணாடி நிறையப் பனிச் சிகரம். அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். இவன் மட்டும் திரும்ப மாட்டான். பயணிகளின் வாய் பிளக்கிறதா என்று பார்ப்பான். பிளந்தால் “இதோ!” என்பான். முகங்கள் தொங்கினால் மேகம் மூடியிருக்கிறது என்று அர்த்தம். உடனே மன்னிப்புக் கேட்பான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஒரு தடவையாவது திரும்பிப் பாரேன்டா என்றேன்.

“மலை எங்க மாமா போகப்போகுது? அது அங்கயேதான் இருக்கும். மூஞ்சிதான் தினம் தினம் மாறுது” என்றான்.

மேலே பூங்கா நடைபாதையிலும் இதே கூத்துதான். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடப்பான். அவன் விழாத பள்ளம் அந்தப் பூங்காவில் இல்லை. இதில் என் வண்டியைப் பற்றி வேறு அவனுக்குக் குறை. மேகம் வந்துவிடும், சீக்கிரம் ஓட்டுங்க மாமா, சீக்கிரம் ஓட்டுங்க மாமா என்று காலையிலிருந்து நச்சரிப்பான். வளைவில் சீக்கிரம் ஓட்டினால் மலை என்ன, மேல் உலகமே தெரியும் என்று நான் பதில் சொல்வேன்.

நாற்பதைத் தாண்டியும் அவனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. என் மனைவியும் சும்மா இருக்கவில்லை, பார்க்காத இடமில்லை. வருகிறவர்களையெல்லாம் அவன் பேசியே விரட்டிவிடுவான். ஒரு குடும்பம் வீட்டுக்கே வந்திருந்தது. வாசலில் எதிர்கொண்டவன் பின்பக்கமாக நடந்துகொண்டே, உங்கள் இடது பக்கம் சமையலறை, இங்கே ஒரு படி இருக்கிறது, பார்த்து வாருங்கள் என்று எங்கள் சின்ன வீட்டை அரை மணி நேரம் சுற்றிக் காட்டினான். பெண்ணின் அப்பா என்னிடம், வண்டி எப்போது திரும்பும் என்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. ஊரெல்லாம் பேசுகிறவனுக்குத் தனக்கென்று பேச ஓர் ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கிண்டல்தான் செய்வேன். மாமன் மச்சான் என்றால் வேறு என்ன செய்வது?

ஒரு நாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் மொத்த பஸ்ஸையும் எடுத்திருந்தார்கள். முதலாளி, கண் பரிசோதிக்கிறவர்கள், கேஷியரம்மா, எல்லோரும் குடும்பத்தோடு. முன் சீட்டில் கேஷியரம்மாவும், அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும். வாடிக்கையாளர் முகத்துக்கு ஃபிரேம் பொருத்துகிற வேலை அவளுக்கு. முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். காதோரம் இரண்டு மூன்று நரை, மறைக்க எந்த முயற்சியும் இல்லை. மலை ஏற ஆரம்பித்ததிலிருந்து அவள் என் மச்சினனையே பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை, இமைக்காமல் பார்த்தாள். உள் கண்ணாடியில் எனக்கே தெரிந்தது என்றால் எதிரே நின்றவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

ரேடியோ கரகரக்க ஆரம்பித்தது. இந்தக் கழுகுகள் நூறு அடி உயரம் வளரும் என்றான். பைன் மரங்கள் பாறை இடுக்கில்தான் முட்டையிடும் என்றான். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதுப் பக்கம் குனிந்தான்.

“மாமா, முன் சீட்டைப் பாருங்க. கண்ணையே எடுக்க மாட்டேங்கறாங்க.”

“நான் ரோட்டைப் பாக்கவா, சீட்டைப் பாக்கவா?”

தேநீருக்கு நிறுத்திய இடத்தில் அவள் இறங்கவில்லை. இவன் இறங்கி என் பக்கவாட்டுக் கண்ணாடியில் தலை சீவினான். நான் மெல்ல கேஷியரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை, கொட்டிவிட்டார். பெற்றவர்கள் இல்லை, இரண்டு தம்பிகளை ஆளாக்கிக் கல்யாணம் செய்துவைத்தாளாம், தனக்கென்று கேட்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லையாம். நான் வந்து மச்சினனிடம் சொன்னதும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே பயமும் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கீழே எங்கள் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றால் எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள். அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். நாள் முழுக்கப் பேசுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தோம். அப்பப்பா, அன்றைக்குத் தெரிந்த மலை! கழுவித் துடைத்து வைத்தது மாதிரி, ஒரு பொட்டு மேகம் கிடையாது. நானே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் மொத்த பஸ்ஸும் ‘ஆ’ என்றது. ஆனால் என் மச்சினன் மொத்த பஸ்ஸையும் எங்கே பார்த்தான்? ஒரே ஒரு முகத்தைத்தான் பார்த்தான். அது மலரவில்லை. அப்படியே வெளிறிப்போய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் சோகமாக மைக்கை எடுத்தான்.

“எல்லாரும் மன்னிக்கணும். இன்னைக்கு நமக்குக் குடுத்து வைக்கல. மலையை மேகம் மூடிடுச்சு.”

எல்லோரும் மலையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு வெடித்தது பாருங்கள், பஸ்ஸே குலுங்கியது. கடை முதலாளி எழுந்து நின்று, தம்பி, நாளைக்கே கடைக்கு வாங்க, உங்களுக்குப் பாதி விலை என்றார். சிரித்த சிரிப்பில் நான் கியர் மாற்ற மறந்து வண்டி முனகியது. இவன் மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றான். அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை, பாவி.

மேலே வண்டியை நிறுத்தியதும் அந்தப் பெண் தள்ளாடி இறங்கி, கைப்பிடிச் சுவரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டிலோடு போனேன், மச்சினன் எனக்கு முன்னாலேயே போய் நின்றான். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு பஸ்ல தலை சுத்தும். ஆடாத பொருள் ஒண்ணையே பாத்துக்கிட்டு வந்தா வாந்தி வராதுன்னு கேஷியரம்மா சொன்னாங்க. இந்த வண்டியில ஆடாதது நீங்க மட்டும்தான்.”

அவன் ஓ என்றான்.

“அதோட உங்க கண்ணாடி ஒரு பக்கம் கோணலா இருக்கு. காலையிலேர்ந்து எனக்குக் கை துறுதுறுங்குது. கொஞ்சம் குடுங்க.”

கழற்றிக் கொடுத்தான். அவள் கைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்துத் திருகாணியை முடுக்கினாள், காதுக் காம்பைப் பதமாக வளைத்தாள், துடைத்தாள். பிறகு எழுந்து நின்று அவளே அவன் மூக்கில் வைத்து, இரண்டு காதும் சமமா என்று தள்ளி நின்று பார்த்தாள். இப்போது சரி என்றாள். என் மச்சினன் முகம் காற்றுப் போன டயர் மாதிரி இருந்தது. பார்த்ததற்கு இரண்டு காரணம், இரண்டிலும் அவன் இல்லை. நான் முதலுதவிப் பெட்டியிலிருந்து அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். மலை இறங்கும்போது தலை சுற்றாது, தூக்கம்தான் வரும், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போகலாம் என்றேன். அவள் ரொம்ப நன்றி அண்ணா என்றாள்.

அதன்பிறகு நடைபாதையில் நான் கண்டது பெரிய அதிசயம். என் மச்சினன் எல்லா மனிதர்களையும் போல முன்பக்கமாக நடந்தான். வாயையும் திறக்கவில்லை. எதிரே அத்தனை பெரிய மலை நிற்கிறது, அதை ஏதோ பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி பார்த்துக்கொண்டு போனான். ரேடியோவை யாராவது நிறுத்த மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! நின்றபோது, யாராவது மறுபடி போட மாட்டார்களா என்றிருந்தது. அந்தப் பெண் தெளிந்துபோய் வேகமாக நடந்து அவன் பக்கத்தில் வந்தாள்.

“என்ன பேசாம வர்றீங்க? பைன் மரம் முட்டை போடும்னீங்களே, அது எந்த மாசத்துல?”

தெரியலைங்க என்றான், தலையைக் குனிந்துகொண்டு. அங்கேயே அவன் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டாமா? அவள் கொஞ்ச நேரம் கூடவே நடந்தாள். பிறகு கேஷியரம்மாவோடு சேர்ந்துகொண்டாள்.

திரும்பினோம். இறங்கும்போது எப்போதும் பஸ் முழுக்கத் தூங்கும். சுரங்கத்துக்குச் சற்று முன்னால் நேர்ப்பாதை ஒன்று உண்டு. அங்கே பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடி ஜன்னலில் மலை கடைசியாக ஒரு தடவை தெரியும். எல்லோரையும் எழுப்பி அதைக் காட்டுவது அவன் வழக்கம். மனசு உடைந்தாலும் கடமை கடமைதான். எழுந்து கம்பியில் சாய்ந்தான்.

“எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க. இதுக்கப்புறம் மலை தெரியாது.”

எல்லோரும் திரும்பினார்கள். அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிவதெல்லாம் பின்னந்தலைகள்தான். வழுக்கை, பின்னல், தொப்பி, கொண்டை. அன்றைக்கும் என் உள் கண்ணாடியில் அவைதான் தெரிந்தன. ஒன்றைத் தவிர. முன் சீட்டில் ஒரு முகம் திரும்பவில்லை. தூங்கவும் இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டான்.

“மறுபடியும் தலை சுத்துதாங்க?” பஸ்ஸின் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது.

“இல்ல. மாத்திரை போட்டதுமே சரியாயிடுச்சு.”

“அப்ப கண்ணாடி மறுபடி கோணிடுச்சா?”

“நான் சரி பண்ணினது கோணாது.”

இப்போது பின்னந்தலைகள் ஒவ்வொன்றாக மலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பின. இவன் எச்சில் விழுங்கியதுகூட ஸ்பீக்கரில் கேட்டது. ‘அப்புறம் ஏன்…’ என்று இழுத்தான். அவள் கைப்பையின் பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“பாக்கணும்போல இருக்கு. பாக்கறேன். கூடாதா?”

கேஷியரம்மா தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். எதிரே சுரங்கத்தின் வாய் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு கீழே அரை மணி நேரம்தான், ஆபீஸ் வாசல்தான். என் மச்சினன் பஸ்ஸுக்குள் முதல் தடவையாகப் பயணிகளுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினான். கண்ணெல்லாம் தண்ணீர். மைக் இன்னும் வாயருகில்தான் இருந்தது.

“மாமா, கொஞ்சம் மெதுவா போங்க.”

பஸ்ஸே கைதட்டியது, யாரோ விசில் அடித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நான் நத்தையாய் ஓட்டிய ஓட்டத்தில் பின்னால் வந்த சிமெண்டு லாரிக்காரன் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும். அவன் வீட்டுச் சோபாவா காலியாகப்போகிறது?

காலியாகிவிட்டது. கல்யாணம் முடிந்து அவர்கள் தனிக்குடித்தனம் போனதும் என் மனைவி அதற்குப் புது உறை தைத்துப் போட்டாள். முதல் நாள் சாயங்காலம் ராஜா மாதிரி அதில் காலை நீட்டினேன். வீடு அத்தனை அமைதியாக இருந்தது. என் மனைவி சமையலறையில் மூக்கை உறிஞ்சினாள், நான் எழுந்து சும்மா டிவியைப் போட்டேன்.

அவன் இன்றைக்கும் மலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறான். கடை விடுமுறை நாட்களில் அவளும் வருவாள், எனக்கு இப்போது தங்கை முறை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே முன் சீட்டில் உட்காருவாள். அந்த நாட்களில் மட்டும் சுரங்கம் வருவதற்கு முன்னாலேயே நான் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வேன். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு மலை தெரிகிறதா இல்லையா என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டாமா?