திரும்பிப் பார்க்காத மருமகள்

1. நீட்டிய கை

ஏழுமலை தன் மனைவியை ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்குள் வந்தபோது, நான் இன்னொரு பேஷன்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். முட்டிவலிக்குச் சொல்லிக்கொடுத்த எக்சர்சைஸை ஒரு நாள்கூடச் செய்யாமல், செய்ததாகச் சத்தியம் பண்ணிய மனிதர். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நான் பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்த காலம் முழுக்க, "அந்தம்மாவுக்குக் கைராசி உண்டு, வாய்தான் ஆகாது" என்று ஊரில் பேச்சு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என் வாயைக் கற்றுக்கொள்ள வேண்டாம். கலாவின் கதையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கலா கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஏழுமலைக்கு வேன் ஓட்டுகிற வேலை. பையன் பிறந்து சில மாதத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, கைகால் உணர்வும் விட்டுப் போயிற்று. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, 'சென்சரி நியூரானோபதி' என்று ஃபைலில் எழுதி, பிசியோதெரபி செய்துகொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அபூர்வமான நரம்பு வியாதி. புத்தகத்தில் படித்ததோடு சரி, அதற்கு முன் நான் ஒரு கேஸ்கூடப் பார்த்ததில்லை.

பரிசோதித்தேன். மசில் பவர் முழுசாக இருந்தது. கையை நீட்டச் சொன்னால் நீட்டினாள். இப்போது கண்ணை மூடு என்றேன். விரல்கள் தாமாக அலைய ஆரம்பித்தன. கை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது.

"கைய நீட்டியே வெச்சிருக்கணும்மா" என்றேன்.

"நீட்டிதான மேடம் வெச்சிருக்கறன்" என்றாள்.

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரிகிறது. பொசிஷன் சென்ஸ் என்போம். இருட்டில் சட்டைப் பொத்தானைப் போடுகிறோமே, அது இதனால்தான். மூளைக்கு அந்தச் சேதியைக் கொண்டுபோகும் செல்கள் கலாவுக்குச் செத்துவிட்டன. திரும்ப முளைக்காது. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் வரை கை அவள் சொல்வதைக் கேட்கும். பார்வை விலகினால் பிடி விட்டுவிடும்.

நான் வழக்கம்போல, "நடக்கறதுதான முதல்ல வேணும் உனக்கு?" என்று கேட்டேன்.

"நடக்கலனாலும் பரவால்ல மேடம். எம் புள்ளய நான் தூக்கணும்."

விஷயத்தை ஏழுமலை சொன்னார். வியாதி இன்னதென்று தெரியாத நாட்களில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை நழுவித் தரையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். அன்றிலிருந்து மாமியார் குப்பம்மா பிள்ளையை அவள் கையில் கொடுப்பதில்லை. பால் கொடுக்கும்போதுகூட மாமியார்தான் பிடித்துக்கொள்வாராம்.

"அவங்க மேல தப்பு சொல்ல மாட்டன் மேடம். நான்தான கீழ போட்டன்" என்றாள் கலா. "ஆனா, பையன் இப்ப அவங்களதான் அம்மாங்கறான்."

அவள் கண் கலங்கியது. நான், "அழுதுனு இருந்தா எக்சர்சைஸ யாரு பண்றது?" என்று அதட்டினேன்.

2. வெள்ளைக்காரம்மா கொடுத்த பெட்டி

உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் சீக்கிரம் கைவந்தன. நிற்கும்போதுதான் பிரச்சினை. காலைப் பார்த்தால் கை போய்விடும். கையைப் பார்த்தால் கால் மடங்கிவிடும். இருப்பது ஒரு ஜோடிக் கண், பார்க்க வேண்டியதோ உடம்பு முழுக்க. பல வாரம் நானும் அவளும் மல்லுக்கட்டினோம். ஒன்றும் நகரவில்லை.

அந்தச் சமயம் கிரிவலப் பாதையில் வீடு எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் முதுகுவலிக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டியை, ஊருக்குக் கிளம்பும்போது என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கிளினிக் டிவியில் அதை மாட்டினேன். டிவிக்கு மேலே சின்னதாக ஒரு கேமரா. முன்னால் நிற்பவரின் உருவம் அப்படியே டிவிக்குள் தெரியும். உருவத்தைச் சுற்றி பலூன்கள் இறங்கும். நாம் இங்கே கையை வீசினால் அங்கே பலூன் வெடிக்கும். இன்றைக்குக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்களே வி.ஆர். என்று, அதற்கெல்லாம் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

ஒரு நாள் வேறு வேலை ஓடாமல் கலாவை அதன் முன்னால் நிறுத்தினேன். இடுப்பில் பெல்ட் கட்டி, பின்னால் நான் பிடித்துக்கொண்டேன். அவள் டிவியைப் பார்த்தாள்.

"மேடம், நான் முழுசா தெரியறன்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கையும் காலும் இடுப்பும் ஒரே பார்வைக்குள் இருந்தன. குனிய வேண்டாம், தேட வேண்டாம். பலூன் வந்தது. கையைத் தூக்கினாள். கால் மடங்கவில்லை. நான் பெல்ட்டைத் தளர்த்தினேன். அப்போதும் நின்றாள்.

அதன்பிறகு அவள் வராத நாளில் எனக்கே வேலை ஓடாது. பலூன் வெடிப்பதில் என்னை ஜெயித்தாள். பிறகு பையனின் எடைக்கு ஒரு பையில் அரிசியைக் கட்டி, ஒரு கையில் அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஆடச் சொன்னேன். பை நழுவவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த முதுகுவலிக்காரர்களெல்லாம், "இங்க வைத்தியம் பாக்கறாங்களா, கேம் ஆட்றாங்களா?" என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் திரைச்சீலை வாங்கி மாட்டினேன்.

3. பீரோ

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே கரண்ட் போயிற்று. டிவி அணைந்த நொடியில் கலா அப்படியே சரிந்தாள். பெல்ட்டைப் பிடித்திருந்ததால் தரையில் அடிபடவில்லை.

"அப்போ இந்த டிவி இல்லனா நான் ஒண்ணும் இல்லியா மேடம்?" என்று கேட்டாள்.

உண்மையைத்தான் கேட்டாள். கேம் அவளுடைய நரம்பைச் சரி செய்யவில்லை. உடம்பைப் பார்த்துப் பார்த்து நடத்த ஒரு வழியைக் காட்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த வழியைக் கிளினிக்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"வூட்ல ஆளுயரக் கண்ணாடி இருக்குதா?" என்றேன்.

"பீரோல இருக்குது மேடம். எங்கம்மா வூட்டு சீரு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். மூலையில் கிடந்த ஸ்டீல் பீரோவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நகர்த்தினோம். கண்ணாடியின் ஓரத்தில் பெண்கள் வழக்கமாக ஒட்டிவைக்கும் ஸ்டிக்கர் பொட்டுகள் இருந்தன. அவற்றைப் பிய்த்து மேலும் கீழுமாக ஒட்டினேன். அவைதான் இனிமேல் பலூன். முன்னால் தரையில் மெத்தையை விரித்தேன். முதலில் அரிசிப்பை, நன்றாகப் பழகிய பிறகு பிள்ளை, அதுவும் ஏழுமலை பக்கத்தில் நிற்கும்போது மட்டும். இதுதான் ஏற்பாடு.

குப்பம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். காபி கொடுத்தார்.

4. கூப்பிட்ட குரல்

சில வாரம் கழித்து குப்பம்மா கிளினிக்குக்கே வந்தார். பின்னால் ஏழுமலையும் கலாவும். கலாவின் கண் வீங்கியிருந்தது.

"கேம் ஆட வுட்டு, கண்ணாடி முன்னால நிக்க வுட்டு, இன்னா வைத்தியம்மா இது?" என்றார். "மறுபடியும் கொழந்தய போட்டுட்டா. மெத்தயா இருக்கங்காட்டி தப்பிச்சான். இனிமே அவ கைல தர மாட்டன், சொல்லிட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏழுமலையிடம் என்ன நடந்ததென்று கேட்டேன்.

"நல்லாதான் மேடம் நின்னுனு இருந்தா. அம்மா பின்னாலருந்து 'கலா'னு கூப்ட்டாங்க. 'இன்னா அத்த'னு திரும்புனா. சாஞ்சவள நான் புடிச்சிட்டன், அதுக்குள்ள புள்ளய வுட்டுட்டா."

எனக்குப் புரிந்துவிட்டது. மாமியார் கூப்பிட்டால் முகம் திருப்பிப் பதில் சொல்லாத மருமகள் நம் பக்கம் எந்த வீட்டில் இருக்கிறாள்? முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னால் அதற்குப் பெயர் திமிர். கலா ஒழுக்கமாக வளர்ந்தவள். கூப்பிட்டார்கள், திரும்பினாள். கண் பிள்ளையை விட்டு விலகியதும் பிடியும் விட்டுவிட்டது.

குப்பம்மாவை உட்கார வைத்தேன். கலாவையும் ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் அரிசிப்பையைக் கொடுத்து, "இப்ப நீங்களே கூப்புடுங்க" என்றேன். கூப்பிட்டார். கலா திரும்பினாள். பை விழுந்தது. அவள் கையை விரித்த மாதிரியே தெரியவில்லை. விட்டுவிட்டது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை, சத்தம் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

குப்பம்மா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ வேணும்னு வுடல. அசட்டையாவும் வுடல" என்றேன். "நீங்க கூப்ட்டா இவ திரும்பக் கூடாது. புள்ளய பாத்துனேதான் பதில் சொல்லணும். அதுக்கு நீங்க கோவிச்சிக்கக் கூடாது. இதத் தவிர என்னாண்ட வேற மருந்து இல்லம்மா."

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்றார் குப்பம்மா, மெதுவாக.

"நாலு பேரா புள்ளய தூக்கப் போறாங்க?"

மறுபடி கூப்பிடச் சொன்னேன். "கலா" என்றார். கலாவின் கழுத்து பாதி திரும்பி நின்றுவிட்டது. பையைப் பார்த்தபடியே, "இன்னா அத்த?" என்றாள். பழகிய மரியாதையை விடுவது அவளுக்கு நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தோம். கடைசியில் குப்பம்மாவே, "திரும்பாதடி" என்று சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

5. தீபத்தன்று

இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பேஷன்டின் கைக்கு நாம் கற்றுக்கொடுப்பது பாதி வேலை. அந்தக் கையோடு வாழப்போகிற வீட்டுக்குக் கற்றுக்கொடுப்பது மீதி. கருவி எவ்வளவு நவீனமாக வந்தாலும் அந்த மீதியை அது செய்யாது. கலாவின் வியாதி இன்றுவரை குணமாகவில்லை, ஃபைலில் எழுதியது எழுதியதுதான்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கால் வைக்க இடமில்லை. கீழ்பென்னாத்தூரில் கலா வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். அவர்கள் மொட்டை மாடியிலிருந்து மலை தெரியும். ஏழுமலை கலாவை மேலே தூக்கிவந்து கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினார். பிள்ளையை இடுப்பில் வைத்துக் குனிந்து பார்த்தால் பிள்ளை, கை, பாதம் மூன்றும் ஒரே பார்வையில் படும். கண்ணாடி இல்லாமல் அப்படி நிற்க அதற்குள் பழகியிருந்தாள். குப்பம்மா பையனைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

அந்தத் தெருவில் மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் வெளிச்சம் வைப்பார்கள். அதுவரை லைட்டுகூடப் போட மாட்டார்கள். எல்லா மாடியிலும் ஜனம் மலையைப் பார்த்தபடி நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது.

"மேடம்" என்றாள் கலா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கை சரியா தெரியல."

நான் பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். குப்பம்மா என் கையைத் தடுத்தார்.

"ஏழுமல, மாடி லைட்டப் போடு."

பக்கத்து மாடியிலிருந்து ஒரு பெண், "யக்கா, இன்னும் தீபம் தெரியலயே" என்றாள்.

"தெரியறப்ப தெரியட்டும். எம் மருமவளுக்குக் கை தெரியல."

தெருவிலேயே அந்த ஒரு வீட்டில் மட்டும் டியூப்லைட் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மலையுச்சியில் சுடர் எழுந்தது. அரோகரா என்று ஊரே கையைத் தலைக்குமேல் கூப்பியது. நானும் கூப்பினேன். கலா நிமிரவில்லை. பையனின் முதுகில் இருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பம்மா அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"ஏத்திட்டாங்கடி. நல்லா எரியுது" என்றார். "அத நான் பாத்துக்கறன். நீ புள்ளயப் பாரு."