இரண்டாவது தோட்டா

தேவசகாயம் இறந்த செய்தியைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் கேட்டேன். சொன்னவர் நம் தொழிற்சாலையின் கிடங்கில் வேலை பார்த்தவர். "நம்ம செக்யூரிட்டி தேவசகாயம் போய்ட்டாரு சார். சாயங்காலம் அடக்கம்" என்றார். பிறகு, வரும் ரயிலைப் பார்த்தபடியே, "நல்ல மனுஷன். அன்னிக்கு மட்டும் பயந்துட்டாரு" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் பொய். மறைமலை நகரில் நம்மோடு வேலை பார்த்த எல்லோருக்கும் நம் பழைய ஊழியர்களின் இந்த ஆண்டு மலர் போய்ச் சேரும் என்பதால் இதில் எழுதுகிறேன்.

தேவசகாயம் ராணுவத்திலிருந்து நம்மிடம் வந்தவர். வங்கியிலிருந்து சம்பளப் பணம் வரும் வேனில், ஓட்டுநர் கண்ணனின் பக்கத்தில், நிறுவனத்தின் பழைய கைத்துப்பாக்கியோடு உட்கார்ந்து வருவது அவர் வேலை. அந்தத் துப்பாக்கிக்கு ஒரு நோய் இருந்தது. முதல் தோட்டா வெடிக்கும். அடுத்தது உள்ளே ஏறாமல் மூக்கை இடித்துக்கொண்டு நிற்கும். தூக்கிப் போடச் சொன்னார்கள். அவரோ தரப் பரிசோதனை அறைக்கு, என்னிடம், கொண்டு வந்தார். முதலில் வேறு பெட்டித் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தார், அதே கதை. தோட்டா ஏறும் பாதையைத் துடைத்து எண்ணெய் விட்டார், மாற்றமில்லை. பிறகு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினை மட்டும் மாற்றினார், தடையின்றி ஏறின. பழைய மேகசினை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். அதன் வாய் ஒரு பக்கம் மயிரிழை அளவு விரிந்திருந்தது. "ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது கோளாறுன்னு தெரியாது சார்" என்றார். விரிந்ததை ஒதுக்கிவிட்டு, நல்லதில் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டு, எழும்புகிறதா என்று பார்த்தார். "மொதல் தோட்டாவ நம்ம கை ஏத்துது. அடுத்தது தானா ஏறணும். அது ஏறலன்னா இது வெறும் இரும்பு."

அந்த ஆண்டு ஆயுத பூஜையில் லேத்துகளுக்கும் வேனுக்கும் பொட்டு வைத்த பிறகு, துப்பாக்கியையும் வாழை இலையில் வைக்கச் சொன்னார் மேலாளர். தோட்டா நிறைந்த மேகசினைத் தனியே கழற்றிப் பக்கத்தில் வைத்தார் தேவசகாயம். பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனத்தை மேலாளர் தாராளமாக வைத்தார். அது மேகசினின் வாய்க்குள் வழிந்தது. "சார், உள்ள போயிடுச்சு, இப்பவே கழட்டித் துடைச்சிடறேன்" என்று தேவசகாயம் கை நீட்டினார். கிறிஸ்தவரான அவரைப் பார்த்து மேலாளர் சிரித்தார். "வேதக்காரருக்குச் சந்தனம் ஆகாதோ?" கூட நின்றவர்களும் சிரித்தார்கள். நீட்டிய கை திரும்பி வந்தது. விடுமுறை முடிந்து மறுபூஜை ஆகும்வரை எந்தக் கருவியையும் யாரும் தொடக் கூடாது என்பது மேலாளரின் முறை. பூஜை அறை பூட்டப்பட்டது.

மீண்டும் திறந்த அன்று வேன் எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தபோதுதான் துப்பாக்கி அவர் கைக்கு வந்தது. நான் வாசலில் இருந்தேன். மேல் தோட்டாவை விரலால் அழுத்தினார், எழும்பியது. "அடுத்ததைப் பாக்கணும் சார், அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார். வங்கியில் கூட்டம் சேர்ந்துவிடும், கிளம்புங்கள் என்று மேலாளர் மாடியிலிருந்தே சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில், சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, வேனை மறித்தார்கள். தேவசகாயம் இறங்கி, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி முதல் தோட்டாவை வானத்தை நோக்கிச் சுட்டார். அடுத்தது ஏறவில்லை. துப்பாக்கியின் மேல்பகுதியைக் கையால் இழுத்து விட்டு மீண்டும் விசையை அழுத்தினார். வெறும் சத்தம்தான். அந்தச் சத்தத்தை அவர்களும் புரிந்துகொண்டார்கள். தேவசகாயத்தின் தலையில் கட்டை விழுந்தது. கதவைத் திறக்க மறுத்த கண்ணனை அரிவாளால் வெட்டிக் கொன்றார்கள்.

துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியில் மேகசினின் அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. போலீஸ் சோதித்தபோது அது ஒழுங்காகச் சுட்டது. துப்பாக்கியில் பழுதில்லை, ஆகவே ஆளில்தான் பழுது என்று நிர்வாகம் முடிவு கட்டியது. துப்பாக்கி திரும்பி வந்ததும் நானும் அவரும் மேகசினின் அடித்தகட்டைக் கழற்றினோம். தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங்கின் மடிப்புகளில் காய்ந்த சந்தனத்தின் மஞ்சள் பொருக்குகள் ஒட்டியிருந்தன. மணம்கூடப் போகவில்லை. அவற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய், நிறுவனத்தின் விசாரணை அறையில் எழுந்து, பார்த்ததைச் சொன்னேன். "சாமி சந்தனத்தைக் குத்தம் சொல்றீங்களா?" என்றார் விசாரணை அதிகாரி. பூஜையில் நின்று பொரிகடலை வாங்கியவர்கள் அந்த அறையில் பலர் இருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை போனதைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறையும் பேசியதில்லை. அவரைத் தின்றது வேறு. கண்ணனின் மனைவி ஊரப்பாக்கம் சந்தையில் அவரைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டிருக்கிறாள்: "ஏண்ணா, இன்னொரு வாட்டி சுட்டிருக்கக் கூடாதா?" காரணத்தைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னா சாக்கு மாதிரி கீது சார்" என்றார். அதன் பிறகு ரயிலிலும் மாதா கோவில் பெஞ்சிலும் அவரது வலது கட்டைவிரல் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்தும், விடும், எழும்புகிறதா என்று காத்திருக்கும். மரம் எழும்பாது. மறுபடி அழுத்தும்.

அடக்கத்துக்குப் போனேன். உங்களில் சிலர் மாலையோடு வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் அவரது நேர்மையைப் புகழ்ந்து ஒருவர் பேசினார். ஆயுத பூஜையன்று மேலாளருக்கு அருகில் நின்று உரக்கச் சிரித்தவர் அவர். நான் அவரைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் சிலுவையைப் பிடித்திருந்த தேவசகாயத்தின் கைகளில் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடும்வரை அது எதையோ அழுத்தப் போகிறது என்றே தோன்றியது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சோதனைதான். முதலாவது எழும்பியதைக் கொண்டு எதையும் நம்பாதே, அடுத்ததைப் பார். அன்று விசாரணை அறையில் முதலில் எழுந்தவன் நான். எனக்கு அடுத்து எழ வேண்டியிருந்தவர்கள் நீங்கள். கண்ணனின் மனைவி இன்னும் ஊரப்பாக்கத்தில்தான் இருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். உடன் யார் வருகிறீர்கள் என்று பார்க்கிறேன்.