சுமுகம் அத்தான் போட்ட பூங்காக் கட்டணம்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் சுமுகம் என்று பெயர். எந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தாலும் "எல்லாம் சுமுகமா முடிஞ்சது" என்பார். அதனால் வந்த பட்டம். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

மாநகராட்சியில் அவருடைய வேலை பூங்காக் கட்டணம் நிர்ணயிப்பது. ஊருக்குள் ஒருவர் அடுக்குமாடி கட்டினால், அங்கே குடிவருகிறவர்களுக்கு உட்காரப் பூங்காவும் நடக்கப் பாதையும் வேண்டும் அல்லவா? அந்தச் செலவுக்காக, கட்டுகிற பில்டர் வீட்டுக்கு இவ்வளவு என்று மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். வீட்டுக்கு எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு இடம், அந்த இடம் என்ன விலை, இந்த மூன்றையும் பெருக்கினால் கட்டணம். பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு. அதைப் போட அத்தானுக்குத் தனி அறை, சுழல்நாற்காலி, டீ வாங்கி வர ஓர் ஆள்.

அவர் கணக்குப் போடுகிற விதமே தனி. பில்டர்கள் முகம் சுளிக்காத தொகை எது என்று முதலில் விசாரித்துக்கொள்வார். பிறகு அந்தத் தொகை வரும்வரை கணக்கைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருவார். ஒரு படுக்கையறை வீட்டில் ஒருவர்தான் குடியிருப்பார் என்று எழுதினார். அவரே அப்படியொரு வீட்டில்தான் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இடித்துக்கொண்டு குடியிருந்தார். ஊர் நடுவே நிலத்தின் விலை ஏறி இறங்குகிறது, நம்ப முடியாது என்று சொல்லி, குப்பைக்கிடங்குக்கு அப்பால் உள்ள பொட்டல்காட்டு விலையை எடுத்துக்கொண்டார். ஊர் நடுவில் வீடு விற்கிறவர்கள் பொட்டல்காட்டு விலைக்குக் கட்டணம் கட்டினார்கள். சிரித்த முகத்தோடு கட்டினார்கள்.

இதற்காக அவர் யாரிடமும் கைநீட்டியதில்லை. நீட்டியிருந்தால்கூட, ஏதோ ஆசைப்பட்டுவிட்டார் என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். நாலு பெரிய மனிதர்கள் "சாரை மாதிரி உண்டா" என்று தோளில் தட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஊரை ஓசியிலேயே தூக்கிக் கொடுத்த மனிதர்.

பொட்டல்காட்டு விலைக்கு வசூலான பணத்தில் பொட்டல்காட்டில்தானே இடம் வாங்க முடியும்? வாங்கினார்கள். விளக்குக் கம்பம், சிமென்ட் பெஞ்சு, வளைந்து வளைந்து போகும் நடைபாதை, பெரிய பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. மாலையில் அதில் ஆடுகள் நடந்தன. குப்பைக்கிடங்குப் பக்கமிருந்து காற்று அடித்தால் அவையும் நடப்பதில்லை.

பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. மருத்துவர் பூசி மெழுகவில்லை. தினமும் காலையும் மாலையும் சமதளத்தில் நடந்தால் கால் மீளும். உட்கார்ந்தே இருந்தால் அப்படியே விறைத்துப்போகும், பிறகு தன்னிடம் வந்து பயனில்லை என்றார். சமதளத்துக்கு எங்கே போவது? கூடத்தில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே திரும்பக்கூட முடியாது. வராந்தா முழுக்கச் செருப்பு அலமாரிகளும் சைக்கிள்களும். தெருவிலோ வாசலை உரசிக்கொண்டு லாரி போகும். அக்கா அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் தூணைப் பிடித்துப் பிடித்து நடந்து பார்த்தாள். பின்பக்கமாக வந்த ஒரு கார் அவள் கைத்தடியைத் தட்டிவிட்டது. அதோடு பயந்துபோய்க் கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். அத்தானிடம் சொன்னதற்கு, அருமையான பூங்கா ஒன்று இருக்கிறதே, இரண்டு பஸ் மாறினால் போய்விடலாமே என்றாராம். காலை இழுத்துக்கொண்டிருப்பவளிடம் சொல்கிற பேச்சா அது?

அந்த வருஷம் கட்டணத்தைத் திருத்துகிற முறை வந்தது. அதற்கு முன்னால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அத்தானும் தவறாமல் கேட்பார், வேலைநாள் காலையில், பில்டர்கள் சங்கத்து ஏசி ஹாலில். பொதுமக்கள் ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். பொதுமக்கள் மறுப்பேதும் தெரிவிக்கவில்லை என்று எழுதிவிட்டு, சங்கத்தார் போடும் சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவார். இந்த முறை அக்கா வெளியூரிலிருந்த என்னை வரவழைத்து, அங்கே கூட்டிப்போகச் சொன்னாள். கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். அத்தான் கட்டணப் பட்டியலைப் படித்தார். பழைய பட்டியல்தான், தேதி மட்டும் புதுசு. கோப்பை மூடிக்கொண்டே, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்றார். அக்கா கைத்தடியைத் தூக்கினாள்.

"ஒரு பெட்ரூம் வீட்டுக்கு ஒரு ஆள்னு போட்டிருக்கீங்க," என்றாள். "நம்ம வீட்ல அந்த ஒரு ஆள் யாருங்க? நீங்களா, நானா?"

முன்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தனக்கு இரண்டு பிள்ளை பெற்றுக் கொடுத்தவளைப் பார்த்து, "அம்மா, உங்க கருத்து பதிவாயிடுச்சு," என்றார்.

பட்டியல் ஓர் எழுத்து மாறாமல் நிறைவேறியது. அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கிருந்தே என்னோடு பஸ் ஏறிவிட்டாள். எங்கள் சின்ன ஊரில் பூங்காக் கட்டணமும் இல்லை, அதை நிர்ணயிக்க அதிகாரியும் இல்லை. ஒரு வாய்க்கால் கரை இருக்கிறது. அதை விற்கலாம் என்று இன்னும் எவருக்கும் தோன்றவில்லை. அக்கா அதில் நடந்தாள். முதலில் என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பிறகு கைத்தடியோடு, பிறகு அதையும் வீட்டில் போட்டுவிட்டு.

அத்தான் ஓய்வுபெற்ற கையோடு, பில்டர்கள் பரிசளித்த கைக்கடிகாரம் மின்ன எங்கள் ஊரில் வந்து இறங்கினார். அக்கா கரையில் இருந்தாள். அவரும் கூடவே நடந்தார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. சமைக்கத் தெரியவில்லை, வீடு வெறிச்சென்று கிடக்கிறது, வந்துவிடு என்று கெஞ்சினார். பின்னால் வந்த எனக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது.

"வரேங்க," என்றாள் அக்கா. "அங்க நான் எங்க நடக்கறது? அதை மட்டும் சொல்லுங்க."

அத்தான் நின்று யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அக்கா மதகுவரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.