ஜுரேமாவின் பீன்ஸ் இலைகள்

பிப்ரவரி இரண்டாம் தேதி, எங்கள் நாட்டுக் கோடையில் காலா ரக ஆப்பிள் பறிப்பு தொடங்கிய திங்கட்கிழமை, ஜுரேமா எங்கள் தோட்டத்தை விட்டுப் போனாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் பூதக்கண்ணாடியுடன் பேருந்தில் ஏறினாள். வண்டி திரும்பும்வரை நான் பழப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

பதினோரு வருடம் அவள் பார்த்தது ஒரே வேலை. பசுமைக்குடிலுக்குள் பீன்ஸ் செடி வளர்த்து, அதில் நல்ல செடிப்பேன்களைப் பெருக்கி, இலையோடு கிள்ளி ஆப்பிள் கிளைகளில் தொங்கவிடுவாள். மணல் பருமன்கூட இல்லாத அவை, ஆப்பிள் இலையை உறிஞ்சும் சிவப்புப் பேன்களைத் தின்றுவிடும். "என் பட்டாளம்" என்பாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்து, எந்த வரிசை எப்போது வாடும் என்று சொல்லிவிடுவாள்.

நான்கு வருடம் ஊர் சுற்றிவிட்டு நவம்பரில் திரும்பிய எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. டிசம்பரில் ஜுரேமா மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கிளையில் கட்டியிருந்த பொறிப் புட்டியில், பழத்தைத் துளைத்துக் கெடுக்கும் பழ ஈக்கள் விழுந்திருந்தன. அப்பா ஊரில் இல்லாத பகலில், கடையில் கொடுத்த கடும் மருந்தை நானே டிராக்டரில் ஏறி அடித்தேன். ஈ செத்தது. நல்ல பேனும் செத்தது. சிவப்புப் பேன் மட்டும் தப்பிப் பெருகியது. ஜனவரிக் கடைசியில் இலைகளெல்லாம் செம்பு நிறம். பழம் பருக்கவில்லை.

ஜுரேமா என்னிடம்தான் கேட்டாள்.

"பொண்ணே, நான் இல்லாதப்ப எதையாவது தெளிச்சியா?"

"இல்லக்கா."

அன்று மாலை வேலையாட்களோடு உட்கார்ந்து மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர் குடித்தோம். ஒரே குடுவை, அப்பா வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொருவராகக் கொடுப்பார்.

"என்ன ஜுரேமா, உன் பட்டாளம் கடற்கரைக்கு லீவுல போயிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அவள் முறை. அப்பா அவளைத் தாண்டி என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கம் வேலையை விட்டுப் போ என்று அதற்குமேல் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. நான் அதை வாங்கி, அடிவரை உறிஞ்சிக் குடித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து என் போனுக்கு அவள் குரல்பதிவு ஒன்று வந்தது.

"பொண்ணே, நல்லா இருக்கியா? இங்க வேற தோட்டத்துல சேர்ந்துட்டேன். எதையும் தெளிக்கலன்னு நீ சொன்னல்ல, அப்ப தப்பு என் கையிலதான். இலைய வெயில்ல வெச்சுட்டேனோன்னு, இப்பல்லாம் சூரியன் வர்றதுக்குள்ள தொங்கவிட்டுடுறேன். அப்பவும் மனசு ஆறல. நீ படிச்சவ, நாலு ஊரு பார்த்தவ. நான் எங்க தப்பு பண்ணேன்னு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."