காக்கிப் பையும் ஒற்றை வரிச் சீட்டும்

என் அறையில் மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு காக்கித் துணிப் பை தொங்குகிறது. வாயை இழுத்துக் கட்ட நாடா, அடியில் பழைய மழை ஈரம் விட்டுப்போன கறை. உள்ளே புத்தகம் இல்லை. ஒரு சீட்டு மட்டும் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்காகக் கொடைக்கானலில் மிஷன் ஒரு சமுதாயக் கல்லூரி நடத்தியது. நான் அதன் நூலகத்தில் அட்டெண்டர். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மழைக்காலத்தில் புத்தகங்களைக் கரியடுப்புக்கு அருகே விரித்துப் பூஞ்சணம் துடைப்பதும், கீழ்மலைக் கிளைகளில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்குப் புத்தகம் அனுப்புவதும் என் சோலி. வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் பைக்குள் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் அதே பை புத்தகத்தோடு திரும்பிப் போகும்.

அந்தக் கிளைகளில் பண்ணைக்காட்டு டீச்சரின் பைதான் அடிக்கடி வரும். தையல் சொல்லிக்கொடுக்க வந்தவர். அங்கே உறவென்று யாரும் இல்லை. மிளகுக் கிடங்குக்கு மேலே ஒற்றை அறை. புத்தகப் பெயருக்குக் கீழே, மூன்று நாளாக மழை விடவில்லை என்றோ, போன புத்தகத்தில் ஒரு பாடத்தை வாசித்துக் காட்டியதும் பிள்ளைகள் சிரித்தார்கள் என்றோ எழுதியிருப்பார். பேச ஆள் இல்லாதவர் எழுதுகிற வரிகள். எனக்கும் அப்போது மனைவி இறந்து இரண்டு வருடம். அந்தச் சீட்டுகளைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். ஆனால் பதில் எழுதியதில்லை. ஒரு டீச்சருக்கு என் கோணல் கையெழுத்தைக் காட்ட வெட்கம். நூலக விஷயமாக எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு வரி, அவ்வளவுதான். பையை வாங்கும்போதெல்லாம் கண்டக்டர், "என்னண்ணே, பண்ணைக்காட்டுக்குச் சீர்வரிசை கெளம்பியாச்சா?" என்று கேலி செய்வார்.

ஒரு வருடம் டீச்சர் ஆசிரியப் பயிற்சிப் பரீட்சைக்குக் கட்டியிருந்தார். தேறினால்தான் வேலை நிரந்தரம். பாடம் நடத்தும் முறை பற்றிய தடித்த புத்தகம் எங்களிடம் ஒரே பிரதி. அது அவரிடம் இருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு வந்தது. நூலகச் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "வெளியில உள்ள புஸ்தகத்தையெல்லாம் வரவழைச்சிருங்க. பரீட்சைக்குப் படிக்கிறவங்க மட்டும் வச்சுக்கிடட்டும். அதையும் சேர்த்து எழுதிருங்க" என்றார். பத்துப் பன்னிரண்டு சீட்டு. எல்லாவற்றிலும் ஒரே வரி எழுதினேன்: புத்தகத்தை உடனே அனுப்பவும். கோணல் கையெழுத்தில் இன்னொரு வரி எதற்கென்று, பரீட்சைக்குப் படிப்பவர்கள் பற்றிய அடுத்த வரியை எழுதவில்லை.

மறுநாளே பை வந்துவிட்டது. உள்ளே புத்தகம் இருந்தது. முதன்முறையாகச் சீட்டு இல்லை. படித்து முடித்திருப்பார் என்று நினைத்து, பையைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.

ஆடிக் காற்றில் ஒரு நாள் டீச்சரே வந்து நின்றார். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் காக்கிப் பை.

"பரீட்சை போயிருச்சுங்கண்ணே. வேற ஆள் போட்டுட்டாங்க. இது லைப்ரரிப் பையாச்சே, அதான் குடுத்துட்டுப் போகலாம்னு."

"ஏங்க டீச்சர், புஸ்தகம் இன்னும் வேணும்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமுல்ல?"

"உடனேன்னு எழுதியிருந்தீங்களே. எழுதுறதே ஒத்தை வரி. அந்த மனுசன் அவசரமில்லாம எழுதுவாரான்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சிஸ்டர் சொன்ன மிச்சத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வத்தலக்குண்டு பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், ஆண்டவர் மன்னிப்பார் என்றார் சாமியார். மன்னித்திருப்பார். ஆனால் டீச்சருக்கு இன்றுவரை விஷயமே தெரியாது. எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ.

நூலகம் மூடியபோது பையை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். போன வருடம் புதுக் கண்ணாடி போட்ட அன்று உட்கார்ந்து அந்த இரண்டாவது வரியை எழுதினேன்: பரீட்சைக்குப் படிப்பதால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், டீச்சர். கையெழுத்து இன்னும் கோணல்தான். பைக்குள் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினேன். வெள்ளனே எழுந்து செபம் சொல்லும்போது கீழே முதல் பஸ் ஹாரன் அடிக்கும். கை தானாக ஆணிப் பக்கம் போகும்.