வாப்பாவுக்கு இரண்டு அறிவிப்பாளர்கள்

கட்டாரில் நான் சூப்பவைசராக வேலை செய்தேன் என்பதை இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் நம்பியிருந்தாள். அது என் மகள். வேறு யாரிடமும் அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை.

உண்மையில் நான் அங்கே ஆடு மேய்த்தேன். டிரைவர் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். விமான நிலையத்தில் ஒரு பிக்கப்பில் ஏற்றி, தார் ரோடு முடிந்த பிறகும் இரண்டு மணித்தியாலம் ஓடி, ஓர் ஆட்டுப் பட்டியில் இறக்கிவிட்டுப் போனார்கள். முந்நூறு ஆடு, ஒரு தகரக் கொட்டில், கூட வேலை செய்ய நற்பிட்டிமுனையைச் சேர்ந்த ஒருவன். பதினொரு மாதம் அங்கே இருந்தேன். பிறகு காலில் ஒரு புண் வந்து ஆறாமல் போனதால் திருப்பி அனுப்பினார்கள். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முன்பும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பொத்துவிலில் பாத்திரம் கழுவி, தம்புள்ளையில் மரக்கறி மூட்டை சுமந்து, புத்தளத்தில் உப்பு வாரி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஏதாவது ஒரு புண்ணோடுதான் திரும்பி வந்திருக்கிறேன்.

நான் வந்து இறங்கிய கிழமை மகள் முதலாம் வகுப்பில் இருந்தாள். ஒவ்வொருவருடைய வாப்பாவும் என்ன செய்கிறார் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். என் காலில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே, "வாப்பா கட்டார்ல என்ன வேல செஞ்ச?" என்றாள். ஆடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சூப்பவைசர் என்று வந்துவிட்டது. எனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டாள். முந்நூறு என்றேன். அவள் உடனே கொப்பியில் ஒரு படம் கீறினாள். படத்தில் என் தலையில் பெரிய தொப்பி. ஒன்பது வருடமாக அந்தத் தொப்பியை என்னால் கழற்ற முடியவில்லை.

மனைவிக்கு எல்லாம் தெரியும். "பொறுங்க, ஒரு நாளைக்கு அந்த ஆடு கத்தும்" என்பாள்.

இந்த வருடம் மகள் பத்தாம் தரம். தமிழ் படிப்பிக்கும் ரீச்சர் சாய்ந்தமருதிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற இளம் பெண். 'என் தந்தை' என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், உம்மாமாரின் போனை வாங்கி, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் அதை ஏஐ என்பார்கள். மறுநாள் ரீச்சர் ஐந்து கொப்பிகளை எடுத்து ஒன்றன் பின் ஒன்றாக வாசித்திருக்கிறார். ஐந்திலும் அதிகாலைச் சூரியன் பொற்கதிர்களை வீசியது. ஐந்து தந்தையரும் உழைப்பின் சிகரங்கள். கரையில் நின்று பலரோடு கரைவலை இழுப்பவரின் மகள் எழுதியதில் தந்தை தனியாகக் கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போனார். மாவடிப்பள்ளியில் வயல் செய்பவரின் மகள் எழுதியதில் தந்தை இரண்டு எருதுகளை ஏரில் பூட்டினார். அந்த மனிதர் பிறந்த நாளிலிருந்து டிரக்டரைத் தவிர வேறொன்றையும் வயலில் கண்டவரல்ல.

"ஐஞ்சு வாப்பாமாரும் ஒரே நேரத்துக்கு எழும்பி, ஒரே வெயிலப் பாத்து, ஒரே மாதிரிக் கண் கலங்கி இரிக்காங்க," என்றாராம் ரீச்சர். "விடியச் சுபஹு தொழுத வாப்பா ஒருத்தரும் இல்லையா புள்ளைகள்?"

வகுப்பு சிரித்தது. ஏஐயைத் தொடக்கூடாது என்று அடுத்து சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. முன்பு படிப்பித்த பள்ளியில் தடை செய்து பார்த்தாராம். பிள்ளைகள் ஏஐ எழுதியதையே கொஞ்சம் கெடுத்து எழுதிக்கொண்டு வந்தார்களாம். அதனால் இங்கே வேறொரு சட்டம் போட்டார்.

"ஏஐகிட்ட கேளுங்க. அது எழுதுறத எழுதுங்க. ஆனா ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில, அதுக்கு அறிவிப்பாளர் யாரெண்டு எழுதணும்."

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லோரும் பின்னேரம் மத்ரஸாவுக்குப் போய் வளர்ந்தவர்கள். ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, என்றால் இதை இவர் அறிவித்தார், இவருக்கு இன்னார் அறிவித்தார் என்று வரிசை இருக்க வேண்டும். அறிவித்தவர் நம்பத் தக்கவரா என்று பார்க்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் யாரோ கட்டியது இட்டுக்கட்டப்பட்டது என்று ஒதுக்கப்படும். இது அவர்களுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். "மார்க்கத்தோட இத ஒப்பிடுற இல்ல," என்று ரீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். "ஹதீஸத் தேடிச் சேத்த பெரிய மனிசர்கள் பட்ட கஷ்டத்தில ஒரு துளிய நாமளும் படுவம்." குடும்பத்துச் செய்திக்கு ஒருவர் சொன்னால் போதாது, இரண்டு அறிவிப்பாளர்கள் வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். என் கழுத்தில் கயிறு விழுந்தது அந்த இடத்தில்தான்.

அந்தக் கிழமை முழுவதும் ஊரில் இருக்க முடியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்த, அண்ணன் முறையில் காக்கா என்று நாங்கள் கூப்பிடும் மீன்காரர் "புது மீன் மகள்" என்றதும், "அறிவிப்பாளர் யாரு காக்கா?" என்று கேட்டாள் என் மகள். "மீன்தான். வாயத் தொறந்து பாருங்க," என்றார் அவர். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை, தன் மாமி கொண்டுவந்த கல்யாணப் பேச்சையே இட்டுக்கட்டப்பட்டது என்று சொல்லி அடி வாங்கியது.

மகள் தன் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினாள். சூப்பவைசர் என்ற ஒரு சொல்லையும் முந்நூறு என்ற ஓர் எண்ணையும் வைத்துக்கொண்டு ஏஐ இரண்டு பக்கம் எழுதியிருந்தது. நான் பாலைவன மண்ணில் வானளாவிய கோபுரங்களை எழுப்பியிருந்தேன். முந்நூறு தொழிலாளர்களும் என்னைத் தம் தந்தையாகவே போற்றினர். பதினேழாவது வசனம்: 'உண்மை பேசுவதே அவரது உயிர்மூச்சு.' அடுப்படியில் மனைவிக்கு இருமல் வந்தது.

"கோபுரம் எத்தின மாடி வாப்பா?"

"அது... கட்டக் கட்ட ஏறும் மகள்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். "வாப்பாதான் முதலாவது அறிவிப்பாளர். ரெண்டாவது ஆளும் இரிக்காரு. ஒங்களோட கட்டார்ல இருந்தவர் நற்பிட்டிமுனையில சலூன் வெச்சிரிக்காரெண்டு உம்மா சொன்னா. நாளைக்குப் பின்னேரம் போறம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கறியைப் பார்த்தாள்.

மறுநாள் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு நற்பிட்டிமுனைக்கு மிதித்தேன். அவன் முஸ்லிம் அல்ல, தமிழன். பட்டியில் எனக்கு அடுத்த பாயில் படுத்தவன். ஆடுகளுக்கு மயிர் கத்தரித்துத்தான் அவனுக்குக் கை பழகியது. ஊருக்கு வந்து சலூன் போட்டான். அதை வாடிக்கையாளர்களிடம் எப்படிச் சொல்ல முடியும்? அரபு சேக்கின் அரண்மனையில் முடி வெட்டினேன் என்று சொல்லிவைத்திருந்தான்.

"மகள் வருவாள் மச்சான். நான் சூப்பவைசர் எண்டு மட்டும் சொல்லு."

"இதுக்கா இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தனீ? எட்டு வருசமா ஒரு அரமனையையே நான் தனியத் தூக்கிக்கொண்டு நிக்கிறன். உனக்கொரு சூப்பவைசர் வேல தரமாட்டனா?"

மனம் குளிர்ந்து திரும்பினேன். எங்கே சூப்பவைசர் என்று சொல்ல வேண்டும் என்பதை இருவருமே பேசவில்லை.

பின்னேரம் மகளும் மனைவியும் ஆட்டோவில் போனபோது சலூனில் மூன்று பேர் காத்திருந்தார்களாம், கதிரையில் ஒருவர் சவர நுரையோடு. அத்தனை பேர் முன்னிலையில் அவன் தன் அரண்மனையை விட்டு வெளியே வர முடியாதே. கத்தியை உயர்த்திப் பிடித்தபடி சொன்னானாம்: "உங்கட வாப்பா அரமனையில சூப்பவைசர் பிள்ள. நான் சேக்குக்கு முடி வெட்டக்குள்ள பக்கத்தில நிண்டு கண்ணாடி பிடிக்கிறதே அவர்தான்."

"அவருக்குக் கீழ எத்தின பேர்?"

"முந்நூறு," என்றானாம், யோசிக்காமலே. பின்னேரமானால் நாங்கள் இருவரும் சேர்ந்து எண்ணிய எண் அது. ஒன்று குறைந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

வீட்டுக்கு வந்த மகள் நேரே கொப்பியோடு அறைக்குள் போனாள். கொப்பியில் கோபுரத்துக்கும் அரண்மனைக்கும் பக்கத்தில் 'முரண்படுகிறது' என்று எழுதியிருந்தாள். இருவரும் ஒத்துச் சொன்ன முந்நூறுக்குக் கீழே மட்டும் பச்சைக் கோடு. இரண்டு நாள் கழித்துக் கொப்பியில் ரீச்சரின் எழுத்து வந்தது: 'தந்தை வகுப்புக்கு வர முடியுமா?'

ஊரை விட்டுப் போவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பொத்துவில் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட மனம் பார்த்துவிட்டது. சேர்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "நீங்க போகல்லாட்டி, அந்த வகுப்பில எண்ட புள்ளதான் தனிய எழும்பி நிக்கும்."

பொத்துவிலுக்கு மாட்டிய சேர்ட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

முப்பது பெண் பிள்ளைகள். எனக்கு ஒரு சின்னக் கதிரை தந்தார்கள். முழங்கால் நெஞ்சில் முட்டியது. மகள் இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்திருந்தாள். ரீச்சர் தன் லப்டொப்பைப் புரொஜெக்டரில் இணைத்துச் சுவரில் படம் விழவைத்தார்.

"இந்த முறை ஏஐய எழுதச் சொல்லல்ல," என்று என்னிடம் விளக்கினார். "ஆக்கள்ர பேர எடுத்திட்டு, ரெண்டு அறிவிப்பையும் குடுத்து, தெரியாதத நிரப்பாத, எங்களுக்கு என்ன தெரியாதெண்டு கேள்வியா மட்டும் கேள் எண்டு சொல்லியிரிக்கன். கேட்டிரிக்கி, பாருங்க."

சுவரில் மூன்று கேள்விகள் இருந்தன. வேலை செய்த இடம் கட்டடமா, அரண்மனையா? முந்நூறு என்பது யாரை? மூன்றாவது: அந்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது?

முதல் இரண்டுக்கும் வழி நெடுகப் பதில் செய்து வைத்திருந்தேன். பெரிய கம்பனி, அரண்மனையையும் அதுதான் கட்டியது. மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி வீட்டிலோ ஊரிலோ எவரும் அதைக் கேட்டதில்லை. எத்தனை பேர், எவ்வளவு, என்ன கொண்டுவந்தாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். தண்ணீரை நினைத்ததும் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"பவுசர் லொறியிலதான் ரீச்சர். கிழமைக்கு ஒருக்கா. பிந்திச்செண்டா ஆடெல்லாம் வந்து வெறுந் தொட்டிய நக்கும்."

மகள் தலையை நிமிர்த்தினாள்.

"ஆடா?" என்றார் ரீச்சர்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கத்தியது: "முந்நூறு!"

பிறகு அந்த வகுப்பை அடக்க முடியவில்லை. நானும் அடங்கவில்லை. ஒன்பது வருடம் கட்டிவைத்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. பிக்கப், தகரக் கொட்டில், மணல் காற்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் கையை உயர்த்தி உயர்த்திக் கேட்டார்கள். ஒன்று காணாமல் போனால் எப்படித் தெரியும்?

"பேர் வெச்சிரிந்தன். முந்நூறுக்கும் இல்ல, முன்னுக்குப் போற ஆடுகளுக்கு."

"என்ன பேர்?"

"எனக்குப் படிப்பிச்ச வாத்திமார்ர பேர்தான்."

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றவர் பள்ளி அதிபர். என் எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். எல்லோரும் எழும்பி நின்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்ட பேரிலயும் இரிந்திச்சா?"

"ஓம் சேர். நல்ல ஆடு. ஒரு நாளும் வழி மாறல்ல."

"அப்ப நீங்கதான் வழி மாறின," என்று சொல்லிவிட்டு அதிபர் போனார். நடையில் ஒரு திருப்தி தெரிந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளி விட்டதும் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மார்க்கட்டைத் தாண்டியதும் சொன்னாள்:

"ஒன்பது வரிசம் வாப்பா."

"ஓம் மகள்."

"அந்தத் தொப்பியும் பொய்யா?"

"தொப்பி இரிந்திச்சு. வெயிலுக்கு."

அன்று பின்னேரமே கொப்பியோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். கட்டுரையைத் திருப்பி எழுதியிருந்தாள். எழுதியதை ஏஐக்குக் காட்டி, வாசிக்கிறவருக்கு எது விளங்கவில்லை என்று கேட்டாளாம். புண் எப்படி வந்தது என்று எங்கும் இல்லையே என்று அது சொல்லியிருக்கிறது. "எப்பிடி வந்த?" என்றாள். தண்ணீர்த் தொட்டியின் தகரம் கிழித்தது, மருந்துக்கு ஆள் வரப் பதினாறு நாள் ஆனது என்றேன். "ரெண்டாவது அறிவிப்பாளர்?" என்றாள் விடாமல். காலை நீட்டித் தழும்பைக் காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதினாள்.

அடுத்த கிழமை கொப்பி திருத்தி வந்தது. மகள் தண்ணீர் அள்ளப் போன நேரம் எடுத்துப் பார்த்தேன். புதிய கட்டுரையில் சூரியனே இல்லை. 'என் வாப்பா முந்நூறு ஆடு மேய்த்தார்' என்று தொடங்கியது. சலூன்காரரைப் பற்றி ஓரத்தில் ஒரு குறிப்பு: 'நற்பிட்டிமுனையில் தொழில் செய்பவர். இவருடைய அரண்மனை எங்கள் கட்டுரைக்குத் தேவைப்படாததால் விசாரிக்கவில்லை.'

பழைய கட்டுரையையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். அதையும் புரட்டினேன். கோபுரங்கள் எல்லாம் சிவப்புக் கோட்டில் விழுந்து கிடந்தன. பதினேழாவது வசனத்துக்கு வந்தேன். 'உண்மை பேசுவதே அவரது உயிர்மூச்சு.' அதன் மேல் ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு அடித்து, பக்கத்தில் மகள் எழுதியிருந்தாள்:

'இட்டுக்கட்டப்பட்டது. அறிவிப்பாளர்கள் இருவர்: மகள், உம்மா.'

ரீச்சர் அதற்குப் பச்சையில் சரி போட்டிருந்தார்.