ஏணியில் முதல் ஆள்

சங்கரிக்குச் சிறு வயதிலிருந்தே உயரம் என்றால் உயிர் போய் உயிர் வரும். ஆலுவா ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறும்போதுகூட அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அவள் முப்பத்திநாலு வயதில் கூரை கூரையாக ஏறும் வேலைக்குப் போனாள் என்பதை மட்டாஞ்சேரியில் அவளைத் தெரிந்த யாரும் முதலில் நம்பவில்லை.

அவளும் தெரிந்து போகவில்லை. பத்து வருஷமாக ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தாள். வெந்நீரிலும் சோப்பிலும் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் ஊரெல்லாம் மொட்டைமாடி, குடோன், பள்ளிக்கூடம் என்று ஒன்று விடாமல் சோலார் பேனல் வைக்கத் தொடங்கினார்கள். பெண்களுக்கு மூன்று மாதம் இலவசப் பயிற்சி, முடித்தால் வேலை என்று வார்டு அலுவலகச் சுவரில் மலையாள நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. தமிழைவிட மலையாளம்தான் அவளுக்குத் தடங்கலில்லாமல் வாசிக்க வரும். வயர், மீட்டர் என்று உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்துச் சேர்ந்தாள். வயரிங்கில் அந்த வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாளே கம்பெனியை நடத்தும் மஞ்சுஷா ஒரு ஹெல்மெட்டையும் பாதுகாப்பு பெல்ட்டையும் அவள் கையில் கொடுத்தாள்.

"மேல ஆள் பத்தல சங்கரி. ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. கொஞ்ச நாளைக்குக் கூரையில நில்லு."

முடியாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அந்த வெந்நீர்த் தொட்டி நினைவுக்கு வரவும் தலையை ஆட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து காலைச் சாயா அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் ஏணியடியில் குமட்டும். மேலே போனதும் பெல்ட்டின் கொக்கியைக் கூரையில் கட்டிய பாதுகாப்புக் கயிற்றில் மாட்டி, இழுத்துப் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டுவாள். ஜிதின்தான் கூரையில் ஏறும் குழுவுக்குத் தலைவன், அவளைவிட எட்டு வயது இளையவன். அவன் சிரிப்பான்.

"சேச்சி, கட்டிப்போட கூரை என்ன பசுமாடா? ஓடிப்போகாது."

மூன்றாம் மாதம் கொச்சங்காடியில் ஒரு பழைய சுக்கு குடோனில் வேலை வந்தது. சிமென்ட் ஷீட் கூரை. ஷீட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் ஓடும் இடத்தில் மேலே போல்ட் வரிசை தெரியும். அந்த வரிசை மேல் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. பாசி வழுக்கியது. சங்கரி ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்துப் பார்த்து நகர்ந்தாள்.

"குறுக்கே வா சேச்சி, மழை திரும்ப வருது!" என்று ஜிதின் கத்தினான்.

அவள் குறுக்கே ஒரு எட்டு வைத்தாள். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். வலது கால் தொடை வரை உள்ளே போனது. உடைந்த ஓட்டை வழியாக, இருபத்தைந்து அடி கீழே, சாக்கு மூட்டைகளும் அண்ணாந்து பார்க்கும் ஒரு சுமை தூக்குபவரின் முகமும் தெரிந்தன. இன்னொரு பக்கமும் விரிசல் விட்டது. அவள் சரிந்தாள். கயிறு விண்ணென்று இழுத்துப் பிடித்தது.

விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பயத்தில் சிறுநீர் பிரிந்து உடை நனைந்தது. ஜிதின் சட்டத்தின் மேல் குப்புறப் படுத்துத் தவழ்ந்து வந்தான்.

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாத. என்னப் பாரு. கீழ பார்க்காத," என்று சொல்லிக்கொண்டே அவள் பெல்ட்டைப் பிடித்தான்.

அவளைக் கீழே இறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டில் புருஷன் இசக்கிதுரை அவள் தொடைக் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "போதும் தாயி, விட்டுரு. நீ முழுசா வந்ததே பெருசு," என்றான். அவளும் விட்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். நான்கு நாள் வாசற்படி தாண்டவில்லை. படுத்தால் கட்டிலே உள்ளே போவது போல இருக்கும், விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் காலை, பெல்ட்டைத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்க ஜிதினைப் போனில் கூப்பிட்டாள். ஏலூரில் ஒரு குடோனுக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"என்ன கூரை?"

"ஷீட்தான். பழசு."

"நடக்கப் பலகை எடுத்தியா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல சேச்சி," என்று போனை வைத்துவிட்டான். சங்கரிக்கு அவனை நினைத்துப் பயம் வந்தது. தனக்காக இருந்த பயத்தைவிட இது மோசமாக இருந்தது. இதற்குப் பிடித்துக்கொள்ளக் கட்டில் விளிம்புகூட இல்லை. நொண்டிக்கொண்டே பஸ் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஜிதின் ஏணியில் ஒரு காலை வைத்திருந்தான். கூரை ஓரத்து போல்ட்டெல்லாம் துருப்பிடித்து வீங்கியிருந்தது கீழிருந்தே தெரிந்தது. சங்கரி ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"ஏறக்கூடாது."

"சேச்சி, விடு. ஓனர் பார்க்கிறார்."

"பார்க்கட்டும். நீ உள்ள விழுந்தா அவரா வந்து பிடிப்பாரு?"

குடோன்காரர் கத்தினார். வேறு கம்பெனியைக் கூப்பிடுவேன் என்றார். அவள் ஏணியை விடவில்லை. கடைசியில் மஞ்சுஷாவே வந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, பேனலை முற்றத்தில் தூண் நட்டு வைத்துத் தருவதாகப் பேசி முடித்தாள். அந்தக் கூரை ஆளைத் தாங்கியிருக்குமா, உடைந்திருக்குமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஜிதின் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மஞ்சுஷா அவளைத் தனியே கூப்பிட்டாள். "இனி எந்தக் கூரையும் நீ சரின்னு சொன்ன பிறகுதான் மத்தவங்க ஏறணும்."

சங்கரிக்குத் திக்கென்றது. "அப்போ, நான் முதல்ல ஏறணுமா மேடம்?"

"வேற யாரு இவ்வளவு பார்த்து ஏறுவா?"

இரண்டு நாள் யோசித்தாள். இசக்கிதுரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பெல்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. பயம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் சிரிக்கிறாள். போகவில்லை. போன வாரம் ஒரு பள்ளிக்கூடக் கூரைக்கு ஏறினாள். மூன்றாவது படியில் சிறு வயதில் போலவே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நின்றாள். கீழே ஜிதின் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு கண்ணைத் திறந்து மேலே போய், முதல் போல்ட்டைக் கையால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்ததற்கு நகர்ந்தாள்.